வலை காணும்

அந்த வருடம் நான் என்ன வேலை செய்தேன் என்று யாராவது கேட்டால், கதிரை அடுக்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளும் மொழிபெயர்ப்பும் படித்து, போதாததற்கு ஒரு வருடம் இணையத்தில் சீனமும் படித்துவிட்டு, மயிலிட்டியில் ஒரு மீனவர் சங்கக் கட்டடத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை நாலு வரிசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசைக்கு மட்டும் வெள்ளை உறை. விருந்தினர் போனபிறகு அந்த உறைகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்துக்கொண்டு வருவதும் நான்தான்.

வீடு உரும்பிராயில். எங்கள் ஆட்கள் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் வைத்தவர்கள். கடலைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மீன் இன்றைக்கு என்ன விலை என்பது மட்டும். காலையில் ஸ்கூட்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் அம்மா கேட்பார்:

“உனக்குக் கடற்கரையிலை அப்பிடி என்ன வேலை?”

“மொழிபெயர்ப்பு அம்மா.”

“ஆரின்ரை மொழியை?”

அந்தக் கேள்விக்கு அப்போது நான் சிரித்தேன்.

இறுதியாண்டில் நான் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் பொருள், நிலைபெற்ற வல்லரசும் எழுந்து வரும் வல்லரசும். நல்ல புள்ளி கிடைத்தது. அதில் பழைய வல்லரசு அமெரிக்கா, புதியது சீனா. நாங்கள் அதில் எங்கே இருந்தோம் என்று பிறகொரு நாள் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரைபடத்தில் இருந்தோம். அதுவும் ஓர் அம்புக்குறிக்குக் கீழே, பாதி மறைந்து. மயிலிட்டிக்கு வந்த பிறகுதான் இந்தக் கரையில் கணக்கு வேறு என்று விளங்கியது. இங்கே பழைய பெரியவர் இந்தியா. கூப்பிடு தூரத்தில், ஒரே மொழி, ஒரே சாமி, ஒரே சினிமா. புதிதாக வந்து கதவைத் தட்டுபவர் சீனா. இருவருக்கும் எங்கள் மீது அன்பு. இருவரும் வரும்போது நான் கதிரை அடுக்குவேன். றோல்ஸ், பற்றிஸ், பிளேன்ரீ. பொன்னாடை. படம். பிறகு உறை தோய்ப்பு.

சங்கத்தின் தலைவர் ஐம்பதைக் கடந்தவர். எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள், நானும். இளவயதில் சண்டையால் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்துவிட்டு, இராணுவம் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வந்த முதல் ஆட்களில் ஒருவர். வந்து கடலில் இறங்கிய பிறகு மூன்று தடவை வலை போய்விட்டது. அக்கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகளை இங்கே றோலர் என்பார்கள். கடலின் அடியை வாரிக்கொண்டு போகும் மடிவலையை இழுத்துக்கொண்டு அவை வரும் வழியில் எங்கள் ஆட்கள் விரித்த வலை கிடந்தால், வலை இருந்ததற்கு அடையாளமாக இரண்டு மிதவைதான் மிஞ்சும்.

இரண்டு கரை மீனவரும் ஒரே மேசையில் இருந்து கதைப்பதற்கு ஓர் ஏற்பாடு நடக்கிறது, யாழ்ப்பாண நகரத்தில் வைத்து, எங்கள் பக்கத்தில் சில சங்கங்களுக்கு மட்டும் இடம் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து அண்ணைக்கு வேறு யோசனை இல்லை.

“எனக்கு அரிசியும் வேண்டாம், வலையும் வேண்டாம் பிள்ளை. அந்த மேசையிலை ஒரு கதிரை. அதிலை இருந்து ஒரு வசனம் சொல்லவேணும். எங்கடை வலை மேலாலை தெரிஞ்சுகொண்டுதான் ஓட்டுறியள் எண்டு. அதை அவை எழுதவேணும். அவ்வளவுதான்.”

“எழுதினால் நிப்பாட்டிப் போடுவினமோ?” என்று செயலாளர் அக்கா கேட்டார். அக்காவின் நாக்கு மீன் வெட்டும் கத்தி மாதிரி.

“நிப்பாட்டுவினமோ இல்லையோ, எழுதட்டும். ஒவ்வொரு முறையும் தெரியாமல் நடந்தது, தெரியாமல் நடந்தது எண்டு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.”

யார் யாருக்கு அந்த மேசையில் இடம் என்ற பட்டியல், இந்தியாவிலிருந்து கரை கரையாகப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு குழுவின் கையில் இருந்தது. அவர்கள் மயிலிட்டிக்கு வந்த அன்று நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு, குறிப்புப் புத்தகமும் இரண்டு பேனையுமாக முன்வரிசை ஓரத்தில் தயாராக இருந்தேன். செயலாளர் அக்கா என் தோளில் தட்டினார்.

“பிள்ளை, உனக்கு இண்டைக்கு லீவு. வந்திருக்கிறவர் தமிழர். தமிழும் தமிழும் கதைக்கிறதுக்கு நடுவிலை நீ என்னத்துக்கு? போய் ரீயைப் பார்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் போய் ரீயைப் பார்த்தேன்.

குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. வெள்ளை உறை போட்ட கதிரையை விட்டுவிட்டு, வாங்கில் மீனவர்களுக்கு நடுவில் போய் இருந்தார். எல்லோரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பேச எழுந்தபோது குரல் தழுதழுத்தது.

“நாம எல்லாம் ஒரே ரத்தங்க. தொப்புள்கொடி உறவு. நமக்குள்ள என்ன மறைப்பு? மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க.”

அண்ணை எழுந்து மனசில் இருந்ததை அப்படியே சொன்னார். முந்தின வருடம் அவர்கள் நாட்டிலிருந்து உதவியாக வந்த வலைகளுக்கு முதலில் நன்றி சொல்லவேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“நீங்கள் தந்த வலை காணும். இனி எங்களுக்கு ஏதும் தாறதெண்டால் றோலரை நிப்பாட்டித் தாங்கோ.”

அந்த ஐயாவின் முகம் கறுத்ததை நான் ரீத் தட்டோடு நின்றுகொண்டு பார்த்தேன். பக்கத்தில் இருந்த உதவியாளரின் காதில் எதையோ சொன்னார், உதவியாளர் எழுதினார். றோலர் என்றது உறைத்துவிட்டது என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அண்ணையும் திரும்ப அமரும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நாலு நாள் கழித்துக் கூட்டத்தின் அறிக்கை வட்ஸ்அப்பில் வந்தது, சரிபார்க்கச் சொல்லி. தமிழில்தான். ‘தந்த வலை காணும் என்று சங்கத் தலைவர் கூறினார். இழுவைப்படகு குறித்தும் பேசப்பட்டது.’ அவர் சொன்ன வார்த்தையையே மாற்றாமல் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு மரியாதைகூட வந்தது. இரண்டு நிமிடத்தில் ‘சரி’ என்று பதில் போட்டேன். வேகமான பிள்ளை என்று சங்கத்தில் எனக்குப் பெயர்.

கடிதம் அடுத்த மாதம் வந்தது. செயலாளர் அக்கா பிரித்துச் சத்தமாக வாசித்தார். வழங்கப்பட்ட வலைகள் காணாமல் போனமை குறித்துச் சங்கம் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். விளக்கம் ஏற்கப்படும்வரை பேச்சுவார்த்தைப் பட்டியலில் மயிலிட்டியின் இடம் நிறுத்திவைக்கப்படுகிறது.

எங்கள் பக்கம் வலையோ சைக்கிளோ போனால், துலைஞ்சு போச்சு என்போம். காணாமல் போன என்ற சொல்லை நாங்கள் பொருட்களுக்குச் சொல்வதில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களில் மூன்று பேரின் வீட்டில் அந்தச் சொல் படமாகச் சுவரில் தொங்குகிறது.

பின்வாங்கில் இருந்து ஒருவர்தான் பகிடியாகத் தொடங்கினார்.

“என்ன அண்ணை, வலையை ஆருக்கும் வித்துப்போட்டியளோ?”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

“வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை கிடக்கு. வந்து எண்ணிப் பார்.”

“அட, பகிடிக்கு அண்ணை.”

“பகிடிதான். நாளைக்குச் சந்தையிலையும் உதைத்தான் சொல்லுவாய்.”

சொன்னார்கள். சந்தையிலும் சொன்னார்கள், கோயிலடியிலும் சொன்னார்கள். பகிடி ஊருக்குள் போய்த் திரும்பி வரும்போது பகிடியாக இருக்கவில்லை. ஒரு நாள் அண்ணை வலைகள் முழுவதையும் சுமந்துகொண்டு வந்து சங்க வாசலில் போட்டுவிட்டுப் போனார். அவை இரண்டு நாள் வெய்யிலில் கிடந்தன.

என்ன நடந்ததென்று எனக்கு விளங்கவே இல்லை. அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தந்த வலை காணும். சரிதானே? தந்த வலை போதும். இதில் எங்கே காணாமல் போவது? யாரோ வேண்டுமென்று செய்த வேலை என்றுகூட நினைத்தேன். வேண்டுமென்று செய்பவர்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன்.

பதில் கிடைத்தது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில். அம்மா பின்னேரத்தில் பார்க்கும் தமிழ்நாட்டுத் தொடர். ஒரு பெண் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு கத்துகிறாள்: “ஐயோ, என் செயினக் காணும்!”

நான் தட்டோடு எழுந்து நின்றேன்.

“அம்மா, உவள் என்ன சொன்னவள்?”

“செயின் துலைஞ்சு போச்சாம். மருமேள்தான் எடுத்தவள். உனக்குத் தெரியாதே கதை?”

அம்மாவுக்கு விளங்கியது. எனக்கும் எப்போதும் விளங்கித்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து அவர்களுடைய சினிமாவையும் நாடகத்தையும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அவர்களுடைய காணும் தெரியும், எங்களுடைய காணும் தெரியும்; எது எந்த இடத்தில் என்று யோசிக்காமலே மாற்றிக்கொள்வோம். அவர்களுக்கு எங்களுடையது தெரியவேண்டிய தேவை ஒரு நாளும் வந்ததில்லை. பெரிய வீட்டின் வானொலி சின்ன வீட்டுக்குக் கேட்கும். சின்ன வீட்டில் கதைப்பது பெரிய வீட்டுக்குக் கேட்காது. அதற்காகப் பெரிய வீட்டுக்காரர் கெட்டவர் ஆகிவிடுவாரா? இல்லை. அதுதான் கோபப்படக்கூட முடியாமல் இருந்தது.

கோபம் என் மேல்தான் மிஞ்சியது. ‘சரி’ என்று போட்டவள் நான். அன்றிரவே விளக்கக் கடிதம் எழுதினேன். எங்கள் வட்டார வழக்கில் இச்சொல்லுக்குப் போதும் என்று பொருள், உதாரணம் ஒன்று, உதாரணம் இரண்டு. எழுதி முடித்து வாசித்தபோது பள்ளிக்கூடப் பயிற்சி மாதிரி இருந்தது. அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டாவது கடிதம். மூன்று வாரம். தொலைபேசி எடுத்தால், மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலே என்பது எவ்வளவு மேலே என்று நான் கேட்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் சீனாவிலிருந்து ஒரு குழு வந்தது, உலருணவுப் பொதிகளோடு. மறுபடி கதிரை, மறுபடி உறை. இந்தத் தடவையாவது என் வேலை எனக்குக் கிடைக்கும் என்று, சீனத்தில் வணக்கமும் வரவேற்பும் ஸ்கூட்டியில் வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தேன். வாகனத்திலிருந்து இறங்கிய பெண்ணுக்கு என் வயது இருக்கும். கைகூப்பி, “வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?” என்றாள்.

தமிழ். பாடநூலில் அச்சடித்த தமிழ், ழகரம் உட்பட. என் இரண்டாவது லீவு.

“கோதாரி, உவள் எங்களைவிட வடிவாய்க் கதைக்கிறாள்,” என்றார் செயலாளர் அக்கா, அவளுக்குக் கேட்கும்படியாகவே. அவள் திரும்பி, “கோதாரி என்றால் என்ன?” என்று கேட்டாள். அது எங்கள் பக்கத்து வசவு என்று சொல்லாமல் அக்கா ரீத் தட்டை அவளிடம் நீட்டினார்.

குழுத் தலைவர் கேட்க, அவள் மொழிபெயர்த்தாள். உங்களுக்கு எவ்வகையான உபகரணங்கள் தேவைப்படுகின்றன? வலைகள் தேவைப்படுகின்றனவா?

அண்ணை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வேண்டுமென்றே அதே சொல்லை எடுத்தார் என்று நான் நினைக்கிறேன்.

“வலை காணும்.”

அவள் வாயைத் திறந்து, மொழிபெயர்க்காமல் மூடினாள். குழுத் தலைவரிடம் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு அண்ணையிடம் திரும்பினாள்.

“மன்னிக்கவும் ஐயா. காணும் என்று சொன்னீர்கள். வலை இல்லை என்ற பொருளா? அல்லது வலை தெரிகிறது என்ற பொருளா?”

நான்தான் சொன்னேன், போதும் என்ற பொருள் என்று. அவள் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதை எழுதினாள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதும் எங்கள் சொற்கள், கிறுக்கலான தமிழெழுத்தில்: வெளிக்கிடுதல், கதைத்தல், ஓம். கடைசியில், காணும். அதற்கு எதிரே, போதும். ஒரு கேள்வியில் முடிந்த காரியம். அண்ணையின் முகத்தில் நன்றி வரும் என்று பார்த்தேன். அடிவாங்கினவர் முகம் மாதிரி இருந்தது.

அவள் பக்கத்தைப் புரட்டி அடுத்த கேள்வியைக் கேட்டாள். துறைமுக வாசலில் எத்தனை மீற்றர் ஆழம்? எவ்வளவு பெரிய கலம் உள்ளே வரலாம்?

“அது எங்களுக்குத் தெரியாது தங்கச்சி,” என்றார் அண்ணை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவருக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு பொதிகளைப் பங்கிட்டோம். நான் கதிரை உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“நல்லாக் காது குடுத்துக் கேக்கிறாள், பாத்தியே,” என்றார் அண்ணை.

“ஓம் அண்ணை. அவையெல்லாம் இப்பிடிக் கேட்டிருந்தால்...”

“காது சும்மா குடுக்கிறேல்லை பிள்ளை. அவளுக்கு எங்கடை கடலின்ரை ஆழம் வேணும். மற்றவருக்கு எங்கடை ரத்தம் ஒண்டெண்டு சொல்லவேணும். எனக்கு என்ன வேணுமெண்டு கேக்கிறது ஆர்?”

என் கட்டுரையில் இந்த இடத்துக்கு ஒரு பதம் இருந்தது. உறைகளைப் பையில் திணித்தேன்.

சீனக் குழு வந்துபோன இரண்டாம் நாள் காலையில் என் போன் அடித்தது. தமிழ்நாட்டு ஐயாவே பேசினார்.

“வணக்கம்மா. உங்க லெட்டர் இப்பதாம்மா என் கைக்கு வந்துச்சு. அந்த வலை விஷயம் என்னம்மா?”

சொன்னேன். உதாரணம் ஒன்று, உதாரணம் இரண்டு.

“ஐயையோ,” என்றார். “எங்க ஊர்ல காணும்னா தொலஞ்சு போச்சுன்னுதாம்மா. எனக்கு அன்னிக்கே மனசு கஷ்டமா இருந்துச்சு, நம்ம ஆளுங்களா இப்படின்னு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நம்ம தமிழ்தானேன்னு இருந்துட்டேன். உங்க தலைவர் ஐயா கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லும்மா.”

உண்மையாகவே வருந்தினார். குரலில் தெரிந்தது. அதே குரலில், மூச்சு விடாமல்:

“அப்புறம்மா, சைனாக்காரங்க வந்தாங்களாமே. என்ன கேட்டாங்க?”

என் இரண்டு கடிதமும் எந்த மேசையில் கிடந்தன, எது அவற்றைக் கிளப்பியது என்று அப்போதுதான் விளங்கியது. அரிசியும் பருப்பும் தந்தார்கள் என்றேன். பட்டியலில் எங்கள் இடத்தைக் கேட்டேன். பட்டியல் மூடியாகிவிட்டது. அவரால் முடிந்தது ஒரு பார்வையாளர் கதிரை. பின்வரிசையில், பேச்சுரிமை இல்லாமல். “ஆனா நா இருக்கேம்மா, பாத்துக்கறேன்,” என்றார்.

அண்ணை அதற்கும் வந்தார். வெள்ளை வேட்டி, ஸ்திரி போட்ட சேட். மண்டபத்தின் கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில், கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மதியம்வரை அசையாமல் இருந்தார். முன்னால் நீண்ட மேசையில் இரண்டு பக்கத்து ஆட்களும் கதைத்தார்கள். ஒரே இனம், ஒரே கடல். இழுவைப்படகு என்ற சொல் நாலு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ, தெரியாமல் நடப்பது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணையின் கால் பெருவிரல் செருப்புக்குள் மடங்கியது.

மதியச் சாப்பாடு பின்னால் ஒரு கொட்டகையில். எங்களுக்கு எதிரே அக்கரையிலிருந்து வந்த மீனவர் ஒருவர் வந்து இருந்தார். எந்த ஊர், என்ன வயது என்பதை நான் எழுதப்போவதில்லை. அக்கரையில் அவரைப் போல் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர். சோற்றுக் கிண்ணத்தோடு வந்த பெண் அவரிடம் குனிந்து கேட்டாள்:

“சோறு காணுமோ?”

அவர் திடுக்கிட்டுத் தட்டைப் பார்த்தார். “இல்லீங்களே, இந்தா இருக்கே!”

அண்ணைக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

“அது போதுமோ எண்டு கேக்கிறாள் தம்பி. காணும் எண்டால் இஞ்சை போதும் எண்டு அர்த்தம்.”

“அட! நா எவனோ என் சோத்த எடுத்துட்டான்னு கேக்கறாங்கன்னு நெனச்சேண்ணே.”

“அந்தச் சொல்லாலைதான் தம்பி நான் பின்வரிசையிலை இருக்கிறன்,” என்று தொடங்கி அண்ணை முழுவதையும் சொன்னார். மூன்று தடவை போன வலை, கடிதம், சந்தைப் பகிடி, எல்லாம். அவர் கையில் பிசைந்த சோற்றோடு கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிக்கவேண்டிய இடத்திலும் சிரிக்கவில்லை.

“பொய் சொல்ல மாட்டேண்ணே,” என்றார். “மெதப்பு தெரியும். லைட்டுல நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் மேல ஓட்டறோம். போட்டு மொதலாளியோடது. சுத்திப் போனா டீசல் யாரு தருவான்னு கேப்பாரு. நின்னா, நாளைக்கு வேலைக்கு வராதேன்னுடுவாரு. நா கூலிக்குப் போறவண்ணே.”

என் குறிப்புப் புத்தகம் மடியில் திறந்தபடி இருந்தது. கை தானாக எழுதிவிட்டது. தெரிந்துதான் மேலே ஓட்டுகிறோம். அண்ணை எத்தனை மாதமாகத் தேடிய வசனம், இரண்டு தமிழிலும் ஒரே பொருள் தரும் வசனம்.

அண்ணை பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இவருக்கு இன்னும் ஒரு துண்டு மீன் போடு.”

“காணும்ணே, காணும்,” என்றார் அவர், இலேசாகச் சிரித்து.

பின்னேர அமர்வு முடியப்போகும் நேரத்தில் தமிழ்நாட்டு ஐயா வாக்கைக் காப்பாற்றினார். “மயிலிட்டி ஐயா ஒரு ரெண்டு நிமிஷம் பேசட்டுங்க,” என்று சபையைக் கேட்டு, முன்வரிசையில் தன் கதிரையையே இழுத்துக் கொடுத்தார். அண்ணை போய் இருக்கவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையின் அந்தக் கரையில் மதியம் எங்களோடு சாப்பிட்டவர் தலை குனிந்து, மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி, தங்கச் சங்கிலி போட்ட ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கடை உதவிக்கு நன்றி. வலை போதும்.” அண்ணை போதும் என்றார், அச்சுத்தமிழில், ஒவ்வோர் எழுத்தாக. “றோலர்காரர் எங்கடை வலை மேலாலை தெரிஞ்சுகொண்டுதான் ஓட்டினம். அதை நிப்பாட்டவேணும்.”

தங்கச் சங்கிலிக்காரர் தலையைத் தூக்கினார். “தெரிஞ்சுன்னு எப்படிங்க சொல்றீங்க? யாராச்சும் பாத்தாங்களா? சாட்சி இருக்கா?”

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். என் மடியில் திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். நான் எழும்ப ஆயத்தமானேன். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று, மிகச் சின்னதாக, என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாதபடி.

“சாட்சி இல்லை,” என்றார். வந்து பின்வரிசையில் இருந்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு யன்னல் ஓரத்தைத் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். சுன்னாகம் தாண்டும்வரை நான் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“ஏன் அண்ணை? இதுக்குத்தானே இவ்வளவு நாளும்... அந்த ஆளே சொன்னவர். நான் எழுதியும் வைச்சிருக்கிறன்.”

“ஓம், எழுதினனி. பாத்தனான்.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். “நாளைக்கு அந்தப் பெடியனுக்கு வேலை இல்லை. பாவம். சங்கிலி போட்டவன்தான் முதலாளி, விளங்கேல்லையே உனக்கு? வேற ஆளைப் பிடிச்சு ஓட்டுவான். என்ரை வலை எப்பிடியும் போகும்.”

“அப்ப எங்கடை வசனம்?”

“நான் கேட்டிட்டன் தானே. என்ரை காதாலை.” பிறகு, “எழுதிறதெண்டால் பிறகு எழுது. ஆளைக் காட்டாமல் எழுது,” என்றார். தெல்லிப்பழையில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “பிள்ளை, விடியப் பொத்த வேண்டிய வலை ஒண்டு கிடக்கு,” என்றார் கண் திறக்காமல். கிழிந்த வலையைத் தைப்பதைப் பொத்துவது என்பார்கள். அது நாலாவது வலை. அது கிழிந்ததை அவர் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அறிக்கை மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் வந்தது, சரிபார்க்கச் சொல்லி. இந்தத் தடவை இரண்டு நிமிடம் அல்ல, முக்கால் மணித்தியாலம் எடுத்தேன். ஒவ்வொரு சொல்லையும் எங்கள் தமிழில் ஒருமுறை, அவர்கள் தமிழில் ஒருமுறை வாசித்தேன். ‘உதவிக்கு நன்றி தெரிவித்த மயிலிட்டிப் பார்வையாளர், வலைகள் போதும் என்றார். இழுவைப்படகுகள் வேண்டுமென்றே சேதம் விளைவிப்பதாகக் குற்றஞ்சாட்டினார். சாட்சி முன்வைக்கப்படவில்லை.’

ஒரு பிழையும் இல்லை. ‘சரி’ என்று பதில் போட்டேன்.